ஸ்கிடூ விபத்து: ஹாலிபர்ட்டனில் எங்களுக்கு நடந்ததும், தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டியதும்

கொட்டேஜ்_காத்தான் | மார்க்கம் | திங்கள் இரவு 9:40

போன சனிக்கிழமை கனடா ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டன் பக்கம் ஏழு பேராகப் போய் நாலு ஸ்கிடூ (பனி மேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி) வாடகைக்கு எடுத்தோம். ஆறு பேர் இரண்டிரண்டாக மூன்றில் ஏறினோம். என் தங்கையின் கணவர், மச்சான், மட்டும் தனியாக நாலாவதில். ஏழு பேரில் முன்பு ஓடிப் பழகியவர் ஒரே ஒருவர். அவர் முன்னுக்குப் போனார். மச்சான் கடைசி.

வாடகைக்குத் தந்தவர் பத்து நிமிடம் விளக்கம் சொன்னார். வலது பெருவிரலால் அமத்தினால் ஓடும், இடது கையில் பிரேக், இந்தக் கயிற்றை ஜாக்கெட்டில் கொளுவுங்கள், இங்கே கையெழுத்துப் போடுங்கள். இதென்ன பெரிய வித்தை, ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஆட்கள்தானே நாங்கள் என்று தலையாட்டிவிட்டு ஏறினோம்.

பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. ஆறு மணிக்குள் வண்டிகளைக் கொடுக்க வேண்டும் என்று முன்னால் போனவர் கொஞ்சம் விசையாக விட்டார். மச்சானுக்கு முன் போன வண்டியின் சிவப்பு விளக்கு ஒரு வளைவில் மறைந்திருக்கிறது. எட்டிப் பிடிப்போம் என்று வேகத்தைக் கூட்டியிருக்கிறார். வளைவு வந்தது, வண்டி வளையவில்லை. நேரே மரத்தில். காறை எலும்பு முறிந்தது, வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. விழுந்தபோது அந்தக் கயிறு கழன்று எஞ்சின் நின்றதால் அதோடு போயிற்று.

எனக்கு இன்னும் வயிற்றைப் பிசைவது அந்த அடி இல்லை. அவர் பின்னால் வரவில்லை என்பதே எங்களுக்கு 12 நிமிடம் தெரியாது. ஒரு சந்தியில் நின்று எண்ணிப் பார்த்தபோதுதான் மூன்று வண்டி. திரும்பிப் போனால், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அவரைப் போர்த்தி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறார்கள். எங்கள் ஒருவரின் கைபேசியிலும் சிக்னல் இல்லை. அவர்களிடம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி இருந்தது. தீயணைப்புக்காரர் ஸ்கிடூவில் இழுக்கும் படுக்கையோடு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே மைனஸ் 18.

ஆப்பரேஷன் முடிந்தது, ஆள் தேறிவிடுவார். வீட்டில் இனி இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று உத்தரவு. எங்கே பிழை விட்டோம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.


வடக்குவாசி | சட்பரி | திங்கள் இரவு 11:05

முதலில் மச்சான் நலமாகட்டும். திட்ட மாட்டேன் தம்பி. பத்தொன்பது பனிக்காலம் ஓடியிருக்கிறேன், நீங்கள் செய்ததை என் இரண்டாவது வருடம் நானும் செய்திருக்கிறேன். எனக்கு மரத்துக்குப் பதில் ஒரு புதர் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் வரிசையே தலைகீழ். பழக்கமில்லாத ஆளைக் கடைசியில் விடவே கூடாது. முன்னுக்கு வழி தெரிந்தவர், அவருக்கு அடுத்ததாகப் புதியவர், கடைசியில் அனுபவம் உள்ள இன்னொருவர். அந்த இன்னொருவர் இல்லையென்றால் நாலு வண்டி எடுத்திருக்கவே கூடாது. முன்னால் போகிறவர் கண்ணாடியில் இரண்டாமவரைப் பார்த்துப் போனால் குழுவின் வேகம் தானாகவே புதியவரின் வேகமாகிவிடும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனக்குப் பின்னால் வருகிறவர் மட்டும்தான் பொறுப்பு. பின்னால் விளக்குத் தெரியவில்லையா, நிற்க வேண்டும். அவர் நின்றால் அவருக்கு முன்னவரும் நிற்பார். இப்படியே சங்கிலியாக ஒரு நிமிடத்துக்குள் முழுக் குழுவும் நின்றுவிடும். உங்கள் 12 நிமிடம் அங்கேதான் தொலைந்தது. சந்தி வந்தால் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை யாரும் திரும்பக் கூடாது.

வண்டி ஏன் வளையவில்லை என்பதையும் சொல்கிறேன், வாடகைக் கடைகளில் இதைச் சொல்வதே இல்லை. மோட்டார் சைக்கிளில் முறுக்குகிறோம், இதில் பெருவிரலால் அமத்துகிறோம். பயந்தவன் கைப்பிடியை இறுகப் பிடிப்பான், பிடிக்கும்போது பெருவிரலும் சேர்ந்து அமத்தும். நிறுத்த நினைக்கிற நொடியில் வண்டி பாயும். சரி, பிரேக்கை ஓங்கிப் பிடித்தால்? பின்னால் உள்ள ரப்பர்ப் பட்டி பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி போன திசையிலேயே சறுக்கிக்கொண்டு போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். குறைத்தால் எடை முன்னால் உள்ள ஸ்கீகளில் (சறுக்குப் பலகைகளில்) இறங்கும், அவை பனியைக் கவ்வும், வண்டி சொன்னபடி கேட்கும். வளைவுக்கு உள்ளே போன பிறகு செய்யக் கூடியது மிகக் கொஞ்சம். கண்ணையும் மரத்தில் வைக்காதீர்கள். பார்க்கிற பக்கம்தான் வண்டி போகும்.


வேகப்பிரியன்_905 | பிராம்ப்டன் | செவ்வாய் காலை 7:15

நடந்ததற்கு வருத்தம். ஆனால் எல்லாரும் வந்து 50-இல் போ, 50-இல் போ என்று பாடப் போகிறார்கள், அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோ ட்ரெயிலில் (ஸ்கிடூவுக்கென்று போட்ட பாதையில்) சட்டப்படி மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் அப்படி ஓடுவதில்லை. கியூபெக்கில் 70 விடுகிறார்கள். பழைய ரயில் பாதையில் போட்ட ட்ரெயில் நூல் பிடித்தது போல நேராக இருக்கும், அதில் 80, 90 போனால் என்ன? புதியவர் வளைவில் பிழை விட்டதற்கு வேகத்தைக் குற்றம் சொல்வது சரியில்லை.


வடக்குவாசி | சட்பரி | செவ்வாய் காலை 8:02

கணக்குப் பார்ப்போம் தம்பி. 80 என்றால் நொடிக்கு 22 மீற்றர். ஒன்றைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தாலும் 33 மீற்றர் சும்மாவே போய்விடும், நிறுத்தத் தொடங்குவது அதற்குப் பிறகு. எதிரே வருகிறவனும் உங்களைப் போல 80 விரும்புகிறவன் என்றால் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் நொடிக்கு 44 மீற்றர் கரைகிறது. ரயில் பாதை நேர்தான். ஆனால் அதைக் குறுக்கே வெட்டும், கொட்டேஜ் என்கிற விடுமுறை வீடுகளுக்குப் போகும் வழிகள் எத்தனை? முன்னால் போகும் வண்டி கிளப்பும் பனித்தூளில் பத்தடி கூடத் தெரியாத நாட்கள் எத்தனை? ட்ரெயிலைச் சமப்படுத்தும் பெரிய இயந்திரம் பாதையின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு மாட்டு வண்டி வேகத்தில் எதிரே வரும். ஒரு மேட்டில் ஏறி இறங்கிய கையோடு அதைச் சந்தித்திருக்கிறேன். என் வேகம் அப்போது 40.

வளைவில் பலர் இடப்பக்கம் வெட்டிப் போகிறார்கள். வலப்பக்கத்தை விடாதீர்கள். எதிரே வருகிறவன் வெட்டி வருவான் என்றே நினைத்து ஓடுங்கள்.


வேகப்பிரியன்_905 | பிராம்ப்டன் | செவ்வாய் காலை 8:20

இரவில் 80 சரியென்று நான் சொல்லவில்லை அண்ணை. பகலில், நேர்ப் பாதையில் என்றேன்.


வடக்குவாசி | சட்பரி | செவ்வாய் காலை 8:31

சரி, பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.


கோவைக்காரன்_வாட்டர்லூ | செவ்வாய் மதியம் 12:48

வணக்கம். நான் இதுவரை ஸ்னோமொபைல் ஓட்டியதில்லை. இந்த மாதக் கடைசியில் அலுவலக நண்பர்களோடு சிம்கோ ஏரிப் பக்கம் போவதாகத் திட்டம். ஏரி மேலேயே ஓட்டலாம், ஏற்கெனவே நிறைய வண்டித் தடம் இருக்கிறது, அதைப் பிடித்துப் போனால் போதும் என்கிறார் ஒரு நண்பர். மரமே இல்லையே, அதுதான் பாதுகாப்பு என்பது அவர் வாதம். சரியா?


ஏரிக்கரையான் | ஒரில்லியா | செவ்வாய் மாலை 6:30

அந்த நண்பரைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருங்கள்.

பனிக்காலத்தில் மீன் பிடிக்கவும் ஸ்கிடூ ஓடவும் இந்த ஏரியில்தான் இறங்குகிறேன், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏரியில் கிடக்கும் தடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எப்போதோ ஒருவர் இதன் மேல் போனார். அன்று என்ன குளிர், அவர் தனியாகப் போனாரா, திரும்பி வந்தாரா, அதில் எழுதியிருக்காது. காத்தானின் மச்சான் சிவப்பு விளக்கை எட்டிப் பிடிக்கப் போனார், நீங்கள் தடத்தைப் பிடித்துப் போகப் பார்க்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம் ஸ்னோமொபைலுக்குச் சொல்வது 25 சென்ரிமீற்றர் ஐஸ். நடப்பதற்கு 15. அதுவும் தெளிந்த, நீலம் கலந்த ஐஸ் என்றால்தான். பால் போல வெள்ளையாக இருந்தால் பலம் பாதி. சாம்பல் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது, காலே வைக்காதீர்கள். ஒரே ஏரியில் நூறு அடி தள்ளினாலே தடிப்பு மாறும். சிம்கோவும் கூச்சிச்சிங்கும் சேரும் ஆதர்லி நரோஸ் என் வீட்டுக்குப் பக்கம். அங்கே நீரோட்டம் நிற்பதில்லை, கரையோரம் லாரி நிற்கும் அளவு ஐஸ் இருக்கும் நாளிலும் நடுவில் நம்ப முடியாது. பாரி பக்கம் கெம்பன்ஃபெல்ட் குடா ஆழமானது, அதனால் தாமதமாகத்தான் உறையும். காற்று அடித்தால் பெரிய ஐஸ் பரப்பு நகர்ந்து அழுத்தத்தில் வெடிக்கும். வெடிப்பு இரவோடு இரவாக வரும், காலையில் மேலே இரண்டு அங்குலப் பனி விழுந்து மூடியிருக்கும். நேற்றைய தடம் அதற்கு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் தொடர்வது போலவே தெரியும்.

ஹாலிபர்ட்டன் ஏரிகளில் இன்னொரு வில்லங்கம். அவற்றில் பல, ட்ரென்ட்-செவர்ன் கால்வாய்க்கு நீர் தேக்கி வைக்கும் ஏரிகள். அணையைத் திறந்து மட்டத்தை இறக்குவார்கள். ஐஸ் மேலே உறைந்தபடி நிற்க, கீழே தண்ணீர் இறங்கிப்போய்க் கரையோரம் வெறும் கூடாக இருக்கும். ஊரில் மூடாத பழைய கிணற்றின் மேல் ஓலை போட்ட கதைதான்.

விழுந்துவிட்டால்? மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் தானே பலமுறை குளிர்நீரில் இறங்கி ஆராய்ந்தவர். 1, 10, 1 என்று அவர் சொல்லும் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது, நீந்தப் பார்க்காமல் தலையை மேலே வைத்து மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும், வெளியேற அதுதான் நேரம். அதன் பிறகும் குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகும். அதாவது விழுந்தவுடன் எல்லாம் முடிந்துவிடாது, பதறுவதுதான் ஆளைக் கொல்லும். வந்த பக்கமே திரும்புங்கள், அந்த ஐஸ்தானே இவ்வளவு நேரம் உங்களைத் தாங்கியது. கழுத்தில் ஐஸ் ஊசிகள் (ஐஸில் குத்திப் பிடித்து ஏறக் கைப்பிடி வைத்த கூர்முனைகள்) தொங்க வேண்டும், பையில் இருந்தால் பயனில்லை. அவற்றைக் குத்தி, காலை நீச்சல் போல உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள், உருளுங்கள். மிதக்கும் சூட் போட்டிருந்தால் இதில் பாதி வேலை மிச்சம்.

இனி உங்கள் கேள்வி. முதல் தடவை என்றால் ஏரியே வேண்டாம். சங்கங்கள் பராமரிக்கும் ட்ரெயிலுக்குப் போங்கள். ஒன்ராறியோ ஸ்னோமொபைல் சங்கங்களின் கூட்டமைப்பு இணையத்தில் வரைபடம் வைத்திருக்கிறது. பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் குறைபாடு உண்டு, கவனம், சிவப்பு என்றால் மூடியது. கிளம்பும் அன்று காலை பாருங்கள், முந்தின நாள் பார்த்தது செல்லாது.


மொன்றியல்_மழை | செவ்வாய் இரவு 8:10

தடம் பற்றி எழுதியதற்கு ஒன்று சேர்க்கிறேன். 2020 ஜனவரி 21, கியூபெக்கின் லக் சென்-ஜோன். பிரான்சிலிருந்து வந்த எட்டுச் சுற்றுலாப் பயணிகள், கூட ஒரு வழிகாட்டி. இரவில், குறித்த ட்ரெயிலை விட்டு விலகி, ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கமாகப் போனார்கள். நீரோட்டம் உள்ள இடம், ஐஸ் தாங்கவில்லை. ஐந்து பயணிகளும் வழிகாட்டியும் இறந்தார்கள். தண்ணீருக்குள் போன பயணிகளைத் தேடி எடுக்கவே நாட்கள் ஆயின. எனக்குப் பாரிஸில் உறவினர் பலர். அடுத்த தடவை வந்தபோது அவர்கள் முதலில் கேட்டது இதைத்தான்.

வழிகாட்டி உள்ள குழுவுக்கே அப்படி. நம் ஆட்கள் வட்சப்பில் இடம் பார்த்துக் கிளம்புகிறோம்.


மஞ்சுளக்கா_எண்டே_கூப்பிடுங்கோ | ஸ்கார்பரோ | செவ்வாய் இரவு 9:25

எல்லாம் வாசித்தேன். ஒரே கேள்வி. இதெல்லாம் எங்களுக்குத் தேவையா? குளிருக்குள் வீட்டில் இருந்து கொத்து ரொட்டி சாப்பிட்டால் யாருக்கும் கால் முறியாது.


மொன்றியல்_மழை | செவ்வாய் இரவு 9:50

அக்கா, அந்த வண்டி விளையாட்டுக்குப் பிறந்ததில்லை. கியூபெக்கில் வல்கூர் என்ற சின்ன ஊரில் ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக். 1934 பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றுக்குள் குடல்வால் வீங்கி விஷமாகிவிட்டது. சாலையெல்லாம் பனி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை, பிள்ளை இறந்துவிட்டான். பனி மேல் ஓடும் வண்டியை அதற்கு முன்பிருந்தே முயன்றுகொண்டிருந்தவர், பிறகு விடாப்பிடியாக நின்று 1937-இல் பலர் ஏறிப் போகும் பெரிய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாம் ஓடுகிற சின்ன ஸ்கிடூ 1959-இல் வந்தது. மச்சானைக் காட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்ததும் ஒரு ஸ்கிடூதானே.


மஞ்சுளக்கா_எண்டே_கூப்பிடுங்கோ | ஸ்கார்பரோ | செவ்வாய் இரவு 10:02

உள்ளே கொண்டுபோனதும் அதுதானே.


இரவுப்பணி_நேர்ஸ் | பாரி | புதன் காலை 5:15

வேலை முடிந்து வந்து வாசிக்கிறேன். அவசரப் பிரிவில் பனிக்காலச் சனி, ஞாயிறு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன், குடி. வழியில் இருக்கும் ஹோட்டலில் சூடாக ஒன்று போட்டால் குளிர் தெரியாது என்று சொல்லாத ஆளே இல்லை. குளிர் தெரியாமல் போவதுதான் ஆபத்து. தோலுக்கு இரத்தம் கூடப் பாய்ந்து சூடு வெளியே போய்விடும், நடுக்கம் குறையும், உடம்பு உள்ளே ஆறிக்கொண்டே போகும். சட்டமும் கார் ஓடுவதற்கு உள்ளதேதான். ஸ்கிடூவில் குடித்துப் பிடிபட்டால் கார் லைசென்ஸும் போகும். இது பலருக்குத் தெரியாது.

மைனஸ் 20 நாளில் 50-இல் ஓடினால் முகத்துக்கு அது மைனஸ் 35. கன்னத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தால் அது உறைகிறது. தேய்க்காதீர்கள், கையால் மூடிச் சூடு காட்டுங்கள்.

அடிபட்டுக் கிடக்கிறவரின் ஹெல்மெட்டை, மூச்சு விட முடியாமல் திணறினாலொழிய, கழற்றாதீர்கள். கழுத்தில் முறிவு இருந்தால் தெரியாது. காத்தான், போர்த்தி வைத்தார்கள் என்றீர்களே, மேலே மட்டுமா, கீழேயுமா? பனிக்கட்டிதான் அதிகச் சூட்டை உறிஞ்சும். ஆளை அசைக்காமல் முடிந்த அளவு கீழே எதையாவது செருக வேண்டும்.


கொட்டேஜ்_காத்தான் | மார்க்கம் | புதன் காலை 9:30

அந்தத் தம்பதி செய்தது முழுவதும் நீங்கள் சொன்னபடிதான் நேர்ஸ். வண்டி இருக்கையின் மூடுதுணியை மடித்து மெதுவாக முதுகுக்குக் கீழே தள்ளியிருந்தார்கள். நாங்கள் போனதும் எங்களில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றக் கை வைத்தார். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் கை தானாக விலகியது. அந்த ஒருவர் நான்தான்.


மலைமேல்_மாறன் | கம்லூப்ஸ், பி.சி. | புதன் காலை 11:12

மேற்குப் பக்கம் வரும் எண்ணம் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக. இங்கே ட்ரெயிலை விட்டு மலைச்சரிவில் ஏறும் ஓட்டம், மரமும் ஏரியும் இல்லை, பனிச்சரிவுதான் எமன். 2008 டிசம்பர் கடைசியில் ஃபெர்னி பக்கம் 11 பேர் போனார்கள். முதல் பனிச்சரிவு ஏழு பேரை மூடியது. தோண்டி எடுக்க ஓடிவந்த நாலு பேர் மேல் அடுத்தது விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் அலைபரப்பி, பனிக்குள் குத்தித் தேடும் கம்பி, மண்வெட்டி மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும், பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும். மலைச்சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற வேண்டும். மற்றவர்கள் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் பார்க்காமல் வண்டியை டிரெயிலரிலிருந்து இறக்காதீர்கள்.


கோவைக்காரன்_வாட்டர்லூ | புதன் மாலை 5:40

எல்லாருக்கும் நன்றி. ஏரித் திட்டம் ரத்து. நண்பரிடம் இந்த இழையை அனுப்பினேன், "உனக்குப் பயம்" என்று ஒரு வரி பதில் வந்தது. ஆமாம் என்று போட்டுவிட்டேன். வாடகைக்கு எடுக்கும் இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?


வடக்குவாசி | சட்பரி | புதன் மாலை 6:25

காப்புறுதி யாருக்கு, எவ்வளவுக்கு என்று கேளுங்கள். வண்டிக்கு வரும் சேதத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். ட்ரெயில் பெர்மிட் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு படிந்து மங்காமல் இருக்கிறதா என்று வெளியே நின்று போட்டுப் பாருங்கள், உள்ளே சூட்டில் பார்த்தால் தெரியாது. அப்புறம் அவர்கள் முற்றத்திலேயே அரை மணி நேரம் வட்டம் ஓடி, பிரேக் பிடித்துப் பழகுங்கள். அதற்கு மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

கைச் சைகைகளும் பழகிக்கொள்ளுங்கள். இடது கையை நேரே மேலே உயர்த்தினால் நிற்கப் போகிறேன் என்று அர்த்தம். அது ஒன்றாவது ஏழு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.


கொட்டேஜ்_காத்தான் | மார்க்கம் | வெள்ளி இரவு 10:15

மச்சான் இன்று வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. வண்டிச் சேதத்துக்கு வாடகைக்காரர் அனுப்பிய கணக்கைப் பார்த்துத் தங்கை இரண்டாவது முறை அழுதாள். வடக்குவாசி அண்ணை சொன்ன காப்புறுதிக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் போட்டோம்.

முன்னால் ஓடிய நண்பர் இந்த இழையை வாசித்துவிட்டு நேற்று மச்சானைப் பார்க்க வந்தார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. போகும்போது, அடுத்த வருடம் சங்கம் நடத்தும் ஓட்டுநர் பயிற்சிக்கு நானும் பெயர் கொடுக்கிறேன் என்றார். அடுத்த வருடமா என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் கேட்டது, பேச்சு அதோடு நின்றது.

மச்சான் படுத்தபடியே மிதக்கும் சூட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். இடுப்பு 42 அங்குலம். எக்ஸ்எல் போதுமா, யாருக்காவது தெரியுமா? அவர் கேட்டதாக இங்கே எழுத வேண்டாம் என்றார்.


ஏரிக்கரையான் | ஒரில்லியா | வெள்ளி இரவு 10:41

போதாது. உள்ளே தடித்த சுவெட்டர் போட்டுக் குந்திப் பார்க்க வேண்டும், ஸ்கிடூவில் உட்காரும்போதுதான் பிடிக்கும். டபிள் எக்ஸ்எல் எடுக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் விலை குறையும், அதற்குள் வீட்டுக் குரலும் கொஞ்சம் குறைந்திருக்கும்.